பாஞ்சோவின் பழைய வீடு: கன்ட்ரி இசைக்குத் திரும்பும் கறுப்பினக் கலைஞர்கள்

திண்ணை வானொலி

நண்பர்களுக்கு வணக்கம். 2024 மார்ச் 29 அன்று பியான்சேயின் 'கவ்பாய் கார்ட்டர்' வெளிவந்தது முதல் என் மனத்தில் ஊறிக்கொண்டிருக்கும் ஒன்றை இனியும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இருபத்தேழு தடங்கள் கொண்ட அந்தத் தொகுப்பை வெளிவந்த இரவே இடைவெளியின்றி இரண்டு முறை கேட்டேன். ஆனால் என்னைப் பிடித்து இழுத்தது அதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பே வெளிவந்துவிட்ட 'டெக்சஸ் ஹோல்டெம்' பாட்டின் தொடக்கம்தான். பியான்சேயின் குரல் வருவதற்கு முன்பே பாஞ்சோ என்னும் நரம்புக் கருவி ஒன்று பேசத் தொடங்கிவிடுகிறது. அது யாருடைய கை என்று தேடியபோதுதான் ரியானன் கிடன்ஸ் என்ற பெயர் எனக்கு அறிமுகமாயிற்று. அந்த ஒரு பெயரைப் பின்தொடர்ந்து போனதில் ஓராண்டுக்கும் மேல் கழிந்துவிட்டது. இன்னும் திரும்பி வந்தபாடில்லை.

அந்நாட்களில் பலரும் இந்தத் தொகுப்பைப் பற்றிப் பேசிய விதம், ஒரு பாப் நட்சத்திரம் வேறொருவர் வீட்டுக்குள் அழையாமல் நுழைந்துவிட்டது போல இருந்தது. அமெரிக்கத் தென் மாநிலங்களின் நாட்டுப்புற மரபில் வளர்ந்த இசைதான் கன்ட்ரி. ஓக்லஹோமாவில் ஒரு கன்ட்ரி வானொலி நிலையத்திடம் நேயர் ஒருவர் இந்தப் பாட்டைக் கேட்டபோது, தாங்கள் கன்ட்ரி நிலையம் என்பதால் பியான்சேயை ஒலிபரப்புவதில்லை என்று முதலில் பதில் வந்தது. எதிர்ப்பு எழுந்த பிறகே பாட்டு ஒலித்தது. ஹூஸ்டனில் பிறந்து வளர்ந்த ஒரு டெக்சஸ்காரிக்கு அது கிடைத்த முதல் மறுப்பும் அன்று. 2016 நவம்பரில் கன்ட்ரி இசைச் சங்கத்தின் விருது விழா மேடையில் அவர் பாடியபோதும் இணையத்தில் கடுமையான வசவுகள் எழுந்தன. தம்மை வரவேற்காத ஓர் அனுபவத்திலிருந்துதான் இந்தத் தொகுப்பு பிறந்தது என்றும், அதன் பிறகே கன்ட்ரி இசையின் வரலாற்றுக்குள் ஆழமாக இறங்கியதாகவும், வெளியீட்டுக்குச் சில நாட்களுக்கு முன் அவரே எழுதினார்.

நான் துணிச்சல் என்று சொல்வது இந்த இறங்குதலைத்தான். உறையில் வெள்ளைக் குதிரையும் கொடியும் இருப்பதை எல்லாரும் பார்த்தார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது, எண்பது வயதைக் கடந்த லிண்டா மார்டெல் என்ற பெண்மணியின் குரல் அந்தத் தொகுப்பில் ஒலித்தது. 1969இல், கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில், 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்ற வானொலி இசை நிகழ்ச்சியின் மேடையில் தனித்துப் பாடிய முதல் கறுப்பினப் பெண் அவர். 1970இல் ஒரே ஒரு தொகுப்பு வெளியிட்டார். அதை வெளியிட்ட நிறுவனத்தின் பெயர் 'பிளான்டேஷன் ரெக்கார்ட்ஸ்' என்பதை நினைத்துப் பாருங்கள்: அடிமைகள் உழைத்த பண்ணையைக் குறிக்கும் சொல் பொறித்த இசைத்தட்டில் ஒரு கறுப்பினப் பெண்ணின் பெயர் அச்சாகியிருக்கிறது. அதன் பிறகு அவருடைய இசை வாழ்க்கை கிட்டத்தட்ட நின்றுபோய், பிற்காலத்தில் தென் கரோலினாவில் பள்ளிப் பேருந்து ஓட்டினார். அப்படிப்பட்டவரைத் தேடிக் கண்டுபிடித்து, இசை வகைகள் என்னும் எளிய சொல்லுக்குள் எத்தனை பேர் அடைபட்டுக் கிடக்கிறார்கள் என்று அவர் வாயாலேயே உலகைக் கேட்க வைத்ததைத்தான் நான் கொண்டாடுகிறேன்.

2025 பிப்ரவரி 2 அன்று ஆண்டின் சிறந்த தொகுப்பு, சிறந்த கன்ட்ரித் தொகுப்பு என்று இரண்டு கிராமி விருதுகளும் இதற்கே கிடைத்தன. கன்ட்ரித் தொகுப்புக்கான கிராமியைப் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் பியான்சேதான். இத்தனைக்கும் முந்தைய ஆண்டு கன்ட்ரி இசைச் சங்கத்தின் விருதுகளில் அவருக்கு ஒரு பரிந்துரைகூட இல்லை.

இதைத் தொடர்ந்து வெளிவரும் புதிய தொகுப்புகளையும், அவற்றுக்குப் பின்னால் இருக்கும் பழைய பெயர்களையும் பற்றி இங்கே சேர்ந்து பேசலாம் என்பது என் விருப்பம்.

ஒற்றை நாணல்

திண்ணை வானொலி அவர்களின் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் 'துணிச்சல்' என்ற சொல்லை இவ்வளவு தாராளமாகத் தர எனக்கு மனம் வரவில்லை. உலகிலேயே மிகுந்த செல்வாக்குள்ள பாடகி ஒருவர், தோல்வி கண்டாலும் இழப்பதற்குப் பெரிதாக எதுவும் இல்லாத உயரத்தில் நின்றுகொண்டு செய்வது துணிச்சலா? அதே தொகுப்பில் டேனர் அடெல், பிரிட்னி ஸ்பென்சர், டியெரா கென்னடி, ரெய்னா ராபர்ட்ஸ் என்ற நான்கு இளம் கறுப்பினப் பாடகிகள் ஒரே ஒரு பாட்டில் சேர்ந்து பாடுகிறார்கள். நாஷ்வில்லில் வாய்ப்புக்காக ஆண்டுக்கணக்கில் கதவுகளைத் தட்டியவர்கள் இவர்களைப் போன்றவர்கள்தாம். துணிச்சல் என்று ஒன்று இருந்தால் அதை இவர்களிடம்தான் முதலில் தேட வேண்டும்.

கறுப்பினக் கன்ட்ரிப் பாடகி மிக்கி கைட்டன் 2020 ஜூனில் வெளியிட்ட 'பிளாக் லைக் மீ' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜார்ஜ் ஃப்ளாய்டு என்ற கறுப்பினத்தவர் காவலரால் கொல்லப்பட்ட சில நாட்களிலேயே, தாம் தொழில் செய்யும் ஊரின் முகத்துக்கு நேரே, கறுப்பினத்தவராக வாழ்வது என்னவென்று பாடியவர் அவர். அப்போது அவர் நாஷ்வில்லுக்கு வந்து ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. முழு நீளத் தொகுப்பு ஒன்றுகூட வெளியாகியிருக்கவில்லை. முதல் தொகுப்பு 2021 செப்டம்பரில்தான் வந்தது. இழப்பதற்கு எல்லாம் இருந்தவர் அவர்.

பழைய இசைத்தட்டு

இருவரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் ஒரு நூற்றாண்டு பின்னால் போய், இந்த வீட்டுக்கு ஏன் பூட்டு விழுந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

1920 ஆகஸ்டில் மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகி ஓக்கே என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவு செய்த 'கிரேசி புளூஸ்' எதிர்பாராத அளவுக்கு விற்றது. கறுப்பின மக்களும் காசு கொடுத்து இசைத்தட்டு வாங்குகிறார்கள் என்று நிறுவனங்கள் அப்போதுதான் கண்டுகொண்டன. அடுத்த சில ஆண்டுகளில் தென் மாநிலங்களின் வெள்ளை ஃபிடில் கலைஞர்களையும் பதிவு செய்யத் தொடங்கியபோது, விற்பனைப் பட்டியல்கள் இரண்டாகப் பிரிந்தன. கறுப்பினத்தவரின் தட்டுகள் 'இனத் தட்டுகள்' என்ற தலைப்பிலும், வெள்ளையரின் தட்டுகள், பின்னாளில் கன்ட்ரி என்று பெயர் மாறிய 'ஹில்பில்லி' என்ற தலைப்பிலும் விற்கப்பட்டன. ஒரே ஊரில், ஒரே நடன விருந்தில், ஒரே மெட்டுகளை வாசித்துக்கொண்டிருந்தவர்கள் பட்டியலில் மட்டும் இரண்டு சாதியாக்கப்பட்டார்கள். கறுப்பினத்தவர் என்றால் புளூஸ் பாட வேண்டும், ஃபிடில் மெட்டு வாசித்தால் அது விலைபோகாது என்பது வணிகர்களின் கணக்கு. அந்தக் கணக்கை மீறிப் பதிவான மிசிசிப்பி ஷீக்ஸ் போன்ற கறுப்பின நரம்பிசைக் குழுக்களைக் கேட்டால், பூட்டுக்கு முந்தைய வீடு எப்படி இருந்திருக்கும் என்று ஓரளவு புரியும். அவர்களுடைய 1930ஆம் ஆண்டுத் தட்டுகள் இன்றும் இணையத்தில் கிடைக்கின்றன.

டிஃபோர்டு பெய்லி என்ற கறுப்பினக் கலைஞரைப் பற்றியும் கட்டாயம் சொல்ல வேண்டும். குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்ட சிறிய உருவம்; கையில் ஒரு மவுத் ஆர்கன். ஓடும் ரயிலின் ஓசையை அப்படியே ஊதிக் காட்டுவார். 1927 டிசம்பரில் அந்த வானொலி நிகழ்ச்சிக்கு 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்ற பெயர் வாய்த்ததே அவர் வாசித்த அந்த இரவில்தான். அதற்கு முன் ஒலித்த செவ்வியல் ஓபராவோடு ஒப்பிட்டு அறிவிப்பாளர் சொன்ன சொல், நிகழ்ச்சிக்கே பெயராகிவிட்டது. நேயர்களின் பேரன்பைப் பெற்ற அந்தக் கலைஞரை 1941இல் நிகழ்ச்சியிலிருந்து நீக்கினார்கள். பிறகு நாஷ்வில்லிலேயே காலணிகளுக்கு மெருகு போடும் கடை நடத்திப் பிழைத்தார். 1982இல் காலமானார். கன்ட்ரி இசையின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது 2005இல். அவர் அதைப் பார்க்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

கார்ட்டர் என்ற பெயரைப் பற்றியும் ஒரு சொல். பியான்சேக்கு அது கணவர் வழி வந்த பெயர். ஆனால் கன்ட்ரி இசை கேட்பவர் எவருக்கும் 1927இல் முதல் பதிவு செய்த கார்ட்டர் குடும்பம் நினைவுக்கு வராமல் போகாது. அந்தக் குடும்பத்தின் ஏ. பி. கார்ட்டர் மலைப்பகுதிகளில் பாட்டுச் சேகரிக்கப் போனபோது, லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிட்டார் கலைஞர் உடன் போவார். கார்ட்டர் சொற்களை எழுதிக்கொள்வார். ரிடில் மெட்டை மனத்தில் பதித்துக்கொண்டு வந்து வாசித்துக் காட்டுவார். அந்தத் தட்டுகளில் ரிடிலின் பெயர் இல்லை.

திண்ணை வானொலி

பழைய இசைத்தட்டு அவர்களே, ரிடிலைப் பற்றி இன்றுதான் அறிகிறேன், மிக்க நன்றி. ஒற்றை நாணல் அவர்களின் மறுப்பை இரண்டு நாட்கள் யோசித்தேன். இழப்பதற்கு எல்லாம் இருந்தவர் மிக்கி கைட்டன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். துணிச்சலை அளக்க அதைவிட நல்ல கோல் இல்லை. எனினும் எவ்வளவு உயரத்தில் இருக்கும் ஒருவரும் வரலாற்றைத் தோண்டியே தீர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது. தொப்பியை மட்டும் அணிந்துகொண்டு போயிருக்கலாம். அவர் கிடன்ஸைக் கூப்பிட்டார், மார்டெலைக் கூப்பிட்டார், ஸ்டீல் கிட்டாருக்கு ராபர்ட் ராண்டால்ஃபைக் கூப்பிட்டார். தேவாலயங்களில் வளர்ந்த கறுப்பின ஸ்டீல் கிட்டார் மரபு ஒன்று இருக்கிறது. ராண்டால்ஃப் அதில் வந்தவர். யாரை எதற்கு அழைத்திருக்கிறார் என்று பார்க்கும்போது, ஒவ்வோர் அழைப்பும் ஆராய்ந்து செய்யப்பட்டது என்பது எனக்கு உறுதியாகிறது.

நரம்பும் தோலும்

நான் ஏழு ஆண்டுகளாகப் பாஞ்சோ பழகுகிறவன் என்பதால், கருவியின் பக்கத்திலிருந்து கொஞ்சம் எழுதுகிறேன்.

பாஞ்சோ என்றதும் பெரும்பாலோர் மனத்தில் வருவது, உலோக வளையம் பளபளக்க, விரல்களில் நகக்கூடு மாட்டிக்கொண்டு, மூன்று விரல்களால் மழை பொழிவது போல மீட்டும் ப்ளூகிராஸ் முறை. அது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவிய முறை. கிடன்ஸ் வாசிப்பது அதுவன்று. அவர் விரும்பி எடுப்பது 1858ஆம் ஆண்டுக் கருவி ஒன்றின் மாதிரியைப் பார்த்துச் செய்த பாஞ்சோ. அதன் கழுத்தில் ஸ்வரக் கட்டைகள் கிடையாது. வீணைக்கும் கோட்டு வாத்தியத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: கட்டை இல்லாத இடத்தில் ஸ்வரம் வழுக்கிக்கொண்டு போகலாம், இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே தங்கலாம். ஒலியும் தாழ்ந்து, மரமும் தோலுமாகக் கனத்து வரும்.

மீட்டும் முறையும் வேறு. விரல் நரம்பை மேல்நோக்கி இழுப்பதில்லை. நகத்தின் வெளிப்பக்கம் கீழ்நோக்கி அடிக்கிறது. அடித்த கை கீழிறங்கி நிற்கும் அந்தக் கணத்தில் கட்டைவிரல் ஐந்தாவது நரம்பில் அமர்ந்து, கை எழும்போது அதை ஒலிக்கவிடுகிறது. ஐந்தாவது நரம்பு மற்றவற்றைவிடக் குட்டையானது. கழுத்தின் பாதியிலேயே தொடங்குகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல், காம்பியா பகுதிகளில் வாழும் ஜோலா மக்களிடம் 'அகோன்டிங்' என்றொரு கருவி இருக்கிறது. சுரைக்குடுக்கை உடல், அதன் மேல் தோல், ஊடே செல்லும் நீண்ட கழி, மூன்று நரம்புகள். அவற்றில் ஒன்று கட்டைவிரலுக்கான குட்டை நரம்பு. அதையும் நகத்தால் கீழ்நோக்கி அடித்துத்தான் வாசிக்கிறார்கள். அந்தக் காட்சியை முதன்முதலாகப் பார்த்த அன்று நான் வாசிப்பதை நிறுத்திவிட்டு என் வலக்கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எவருடைய கையசைவை நான் கற்றுக்கொண்டிருக்கிறேன் என்பது அன்றுதான் தெரிந்தது. கப்பலில் ஏற்றப்பட்டவர்களிடமிருந்து எல்லாவற்றையும் பறித்தார்கள். கையின் பழக்கத்தைப் பறிக்க முடியவில்லை.

பாஞ்சோவை வெள்ளையர்கள் பரவலாக எடுத்தது 1830களுக்குப் பிறகு, முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைக் கேலி செய்த மேடைக்கூத்துகளின் வழியாக. அந்தக் கேலியின் கறை படிந்ததால், பின்னாளில் கறுப்பின இளைஞர்கள் பலர் அதைத் தொடவே கூசினார்கள். கிடன்ஸ் போன்றவர்கள் அந்தக் கருவியை மீண்டும் மடியில் வைத்துக்கொள்வதற்கு என்ன மனவுறுதி வேண்டும் என்பதை இந்த இடத்திலிருந்து பார்த்தால் விளங்கும்.

புதுச் செவி

நான் இந்தப் பக்கத்துக்குப் புதியவள், வயது இருபது. பியான்சேயை மட்டும் அறிவேன். நீங்கள் எல்லாரும் எழுதுவதைப் படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. ஆனால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. பெரியவர்கள் வழி காட்டினால் நன்றாயிருக்கும்.

திண்ணை வானொலி

வாருங்கள் தங்கையே. என் வழி சுற்றுவழிதான். பரவாயில்லை என்றால் கூட வரலாம்.

2005இல் வட கரோலினாவின் பூன் என்ற ஊரில் கறுப்பினப் பாஞ்சோ கலைஞர்களுக்கான ஒரு கூடுகை நடந்தது. அங்கே சந்தித்த மூன்று இளைஞர்கள், அப்போது எண்பதுகளின் நடுவில் இருந்த ஜோ தாம்சன் என்ற ஃபிடில் கலைஞரின் வீட்டுக்குப் போய் அவரிடம் பாடம் கேட்கத் தொடங்கினார்கள். மீபேன் என்ற சிற்றூரில் இருந்த அந்த வீட்டுக்குப் பல மாதங்கள் வாரந்தோறும் போனார்கள். கிடன்ஸ், டாம் ஃபிளமன்ஸ், ஜஸ்டின் ராபின்சன் ஆகிய அந்த மூவரே 'கரோலினா சாக்லேட் டிராப்ஸ்' குழு. அவர்களுடைய 2010ஆம் ஆண்டுத் தொகுப்புக்கு மரபிசைப் பிரிவில் கிராமி கிடைத்தது. தாம்சன் 2012இல் தமது 93ஆம் வயதில் மறைந்தார். முதலில் அந்தத் தொகுப்பைக் கேளுங்கள்; கால் தானாகத் தாளம் போடும்.

அடுத்து, 2019இல் ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் வெளியிட்ட 'சாங்ஸ் ஆஃப் அவர் நேட்டிவ் டாட்டர்ஸ்'. கிடன்ஸுடன் அலிசன் ரசல், லேலா மெக்கல்லா, அமித்திஸ்ட் கையா என்ற மூவர் சேர்ந்தார்கள். நால்வரும் கறுப்பினப் பெண்கள், நால்வரும் பாஞ்சோ வாசிப்பவர்கள். அடிமைப் பெண்களின் வாழ்க்கையைப் பாடும் அந்தத் தொகுப்பை வேறு வேலை செய்துகொண்டே கேட்க வேண்டாம். அதிலிருந்து ரசலின் தனித் தொகுப்புகளுக்குப் போகலாம். 2021இல் வந்த 'அவுட்சைடு சைல்டு', சிறுவயதில் வீட்டுக்குள்ளேயே பட்ட கொடுமையிலிருந்து தப்பிய கதையைப் பாடுகிறது. 2023இல் வந்த 'தி ரிட்டர்னர்' ஆடத் தூண்டுகிறது. ஒரே மனிதர்தாம் இரண்டையும் பாடினார் என்பது எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது.

புதிய வெளியீடு என்று கேட்டால் 2025 ஏப்ரலில் வந்ததைத்தான் சொல்வேன். கருங்குருவி காகத்திடம் என்ன சொன்னது என்று பொருள்படும் தலைப்பில், கிடன்ஸும் ராபின்சனும் இருவர் மட்டுமாக வாசித்த பதினெட்டுத் தடங்கள். ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அவர்கள் போகவில்லை. தங்கள் ஆசான் தாம்சன் வாழ்ந்த இடத்திலும், கிட்டார் மேதை எட்டா பேக்கர் வாழ்ந்த இடத்திலும், வெட்டவெளியில் உட்கார்ந்து பதிவு செய்தார்கள். சில்வண்டுகளின் இரைச்சலும் பறவைகளின் குரலும் நீக்கப்படாமல் அப்படியே இருக்கின்றன. பழைய மெட்டுகளை எடுத்துக்கொண்டு போய், அவை பிறந்த மண்ணிலேயே வைத்து வாசித்தது போன்ற ஒரு செயல் இது.

ஒற்றை நாணல்

இந்தப் பரிந்துரைகளை முழு மனத்தோடு வழிமொழிகிறேன். இன்னொரு பக்கத்தையும் தங்கை அறிந்துகொள்ள வேண்டும். 2019இல் கறுப்பின ராப் பாடகர் லில் நாஸ் எக்ஸின் 'ஓல்டு டவுன் ரோடு' பில்போர்டு இதழின் கன்ட்ரித் தரவரிசைப் பட்டியலில் ஏறியபோது, அதில் இன்றைய கன்ட்ரி இசையின் கூறுகள் போதவில்லை என்று சொல்லி நீக்கினார்கள். அதே பாட்டு பொதுப் பட்டியலில் 19 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. ஐந்து ஆண்டுகள் கழித்து, நைஜீரியப் பெற்றோருக்கு வர்ஜீனியாவில் பிறந்த ஷபூஸி 'எ பார் சாங்' பாட்டால் அந்த 19 வாரச் சாதனையைச் சமன் செய்தார். 2004ஆம் ஆண்டு ராப் பாட்டு ஒன்றின் மேல் கட்டப்பட்ட மெட்டு அது. இம்முறை எவரும் அதைக் கன்ட்ரிப் பட்டியலிலிருந்து நீக்கவில்லை. கன்ட்ரி வானொலிகளும் அதை முதலிடத்துக்குக் கொண்டு சென்றன. 'கவ்பாய் கார்ட்டர்' தொகுப்பில் ஷபூஸியின் குரலும் இருக்கிறது என்பதையும், அது வெளிவந்த இரண்டு வாரங்களில் இந்தப் பாட்டு வந்தது என்பதையும் வைத்துப் பார்த்தால், திண்ணை வானொலி அவர்களிடம் நான் ஓர் அடி பின்வாங்கத்தான் வேண்டியிருக்கிறது. பெரிய மரம் அசைந்ததால் சிறிய மரங்களுக்கு வெளிச்சம் கிடைத்திருக்கிறது. ஆனால் அந்த நான்கு பாடகிகளின் பாட்டும் வானொலியில் அதே அளவு ஒலிக்கும் நாள் வரும்வரை முழுமையாகப் பின்வாங்க மாட்டேன்.

பழைய இசைத்தட்டு

ஒரு சிறு சேர்க்கை. கன்ட்ரித் தொகுப்புக்கான கிராமியில் பியான்சே முதல்வர் என்று திண்ணை வானொலி சொன்னது சரியே; ஆனால் கன்ட்ரிப் பிரிவில் கிராமி வாங்கிய கறுப்பினப் பெண்கள் அவருக்கு முன்பே உண்டு. பாயின்டர் சிஸ்டர்ஸ் குழுவினர் தாங்களே எழுதிய 'ஃபேரிடேல்' பாட்டுக்காக 1975இல் பெற்றார்கள். கறுப்பினப் பாடகர் சார்லி பிரைடு 1971இல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த கலைஞராகவே தேர்வானார். அறுபதுகளில் அவருடைய முதல் தட்டுகளை வானொலிகளுக்கு அனுப்பியபோது, உடன் வைக்க வேண்டிய புகைப்படத்தை நிறுவனம் வைக்காமல் அனுப்பியது. குரலை மட்டும் கேட்டவர்கள் அவரை விரும்பிவிட்டார்கள்.

புதுச் செவி

அண்ணன்மார் சொன்ன வரிசையிலேயே கேட்டு வந்தேன். நேற்று இரவு, வெட்டவெளியில் பதிவு செய்த தொகுப்பை விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன். முதலில் சில்வண்டுச் சத்தம் இடைஞ்சலாக இருந்தது. மூன்றாவது தடத்துக்குப் பிறகு அதுவும் ஒரு வாத்தியம் போலவே ஆகிவிட்டது. எனக்கு ஒரு சந்தேகம். ஃபிடில் மெட்டு எங்கெங்கோ ஏறி இறங்குகிறது. ஆனால் பாஞ்சோவில் ஓர் உயர்ந்த ஸ்வரம் மட்டும் மெட்டைப் பற்றிக் கவலைப்படாமல் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கிறது. அதைக் கேட்கத் தொடங்கிய பிறகு என்னால் வேறெதையும் கவனிக்க முடியவில்லை. அதுதான் நீங்கள் சொன்ன குட்டை நரம்பா?

நரம்பும் தோலும்

அதேதான் தங்கையே, கட்டைவிரலின் நரம்பு. இனி 'டெக்சஸ் ஹோல்டெம்' தொடக்கத்தை இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள்.